பண்ணைவெளியில் வளர்ப்பு நாயையும் வளர்ப்பவரையும் படமெடுக்கும் முறை

நாயையும் அதை வளர்ப்பவரையும் சேர்த்து எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. வளர்ப்பவர் ஒரு கையால் கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நாயோ, அந்தப் பிடி எதற்கென்று விளங்காமல் வேறெங்கோ பார்க்கிறது. வளர்ப்பவரின் கவனம் நாயைவிட்டுக் கேமராவுக்குப் போய்விடுவதால் நேர்வது இது. அவருடைய முகத்தையும் குரலையும் கவனித்தே தான் அஞ்ச வேண்டுமா, அமைதியாக இருக்கலாமா என்று நாய் முடிவுசெய்கிறது. ஆகவே அவரை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவதே இந்த வேலையில் பாதி. நடக்கவும் உட்காரவும் கைக்கு ஏதேனும் வேலை தரவும் இடமுள்ள பண்ணை அதற்கு மிகவும் ஏற்றது.

படமெடுக்கும் நாளுக்கு முன்னரே, அதே பொழுதில், பண்ணையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த மரத்தின் நிழல் எதுவரை நீள்கிறது என்பன அப்போதுதான் தெரியும். பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டியவையும் சில உண்டு: பூச்சிமருந்து கடைசியாக எப்போது தெளிக்கப்பட்டது, எலிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறது, மூடாத கிணறு ஏதும் உண்டா, எந்தப் படலைத் திறந்தால் உடனே சாத்த வேண்டும். கன்றுடன் நிற்கும் பசு புதிய நாயைக் கண்டால் முட்ட வரக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. அறுவடை முடிந்த வயலின் தாள்கட்டை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் நாயின் பாதத்தைக் குத்தும். தேங்கிய நீரை நாய் குடிக்க விடக்கூடாது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீர் வழியே எலிக்காய்ச்சல் நாய்க்கும் பரவும், மனிதருக்கும் பரவும். குடிநீரும் கிண்ணமும் கேமராப் பையிலேயே இருக்கட்டும்.

சூரியன் உதித்த பின் வரும் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் மிகச் சிறந்த பொழுதுகள். அப்போது ஒளி தாழ்வாகச் சாய்ந்து வருவதால் நாயின் கண்ணுக்குள்ளும் இறங்குகிறது. வளர்ப்பவரின் கண்குழிகளில் கருநிழலும் விழுவதில்லை. சூரியன் இருவருக்கும் பின்னால் இருக்குமாறு நிறுத்தினால் ரோமத்தின் ஓரம் முழுவதும் ஒளிக்கோடாக மின்னும். நடுப்பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் கொட்டகையின் வாசலைத் தேடிப் போகலாம். கூரைக்கு ஓரடி உள்ளே இருவரையும் வெளிப்பக்கம் பார்த்து அமரவைத்தால் திறந்தவெளியின் மென்மையான ஒளி முகங்களில் விழும், பின்னாலுள்ள இருட்டு தானாகவே கரும்பின்னணி ஆகிவிடும். ஒரு பண்ணையில் ஓரிடத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால், வயல்வெளியை விட்டுவிட்டு இந்த வாசலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஃப்ளாஷ் விளக்கு வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவதுபோல் பதிந்துவிடும்.

கருப்பு நாயும் வெள்ளை நாயும் பலரைத் திணறடிப்பவை. தன் முன் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கேமரா ஒளியை அளக்கிறது. கருப்பு நாய் சட்டகத்தை நிறைத்திருந்தால் கேமரா ஒளியைக் கூட்டி, கருப்பைச் சாம்பலாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு முழு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). அதே நாய் வெளிச்சமான வானத்தின் முன் சிறியதாக நின்றால் நிலைமை தலைகீழாகி, நாய் வெறும் நிழலுருவாக மாறும். அங்கே கூட்ட வேண்டும். வெள்ளை நாய்க்குப் பொதுவாகச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தாலும், கடும் வெயிலில் அதன் முதுகு ரோமம் விவரமற்ற வெண்தாளாகிவிடும் என்பதால் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் ஒளி இருள் அளவுகளைக் காட்டும் வரைபடத்தை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பு நாயும் மனித முகமும் ஒரே படத்தில் வரும்போது, முகத்துக்குச் சரியான ஒளியை வைத்து ‘ரா’ வடிவத்தில் (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, நாயின் நிழற்பகுதியைப் பின்னர் கணினியில் உயர்த்துவதே பாதுகாப்பு. பக்கவாட்டிலிருந்து ஒளி விழுமாறு நாயைத் திருப்பினால் கருப்பு ரோமத்தின் பளபளப்பு தெரியத் தொடங்கும். பிற்பாடு செய்யும் திருத்தம் எதுவும் அதற்கு ஈடாகாது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 85 முதல் 135 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள லென்ஸ் இருவரின் முகங்களையும் இயல்பான அளவில் காட்டும். நிலமும் தெரிய வேண்டுமென்றால் 35 மி.மீ. போதும். அகலக்கோண லென்ஸுடன் மிக அருகே போனால் மூக்கு பெருத்து, காதுகள் சிறுத்துப்போகும். நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே கணிசமான தூரம் இருப்பதால் லென்ஸின் துளையை எஃப் 1.8-இல் வைத்து (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும்) அருகிலிருந்து எடுக்கும்போது ஒன்று தெளிந்தால் மற்றொன்று மங்கும். இரு முகங்கள் உள்ள படத்துக்கு எஃப் 4 அல்லது 5.6 வைத்து, இரண்டு தலைகளும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்குமாறு அமர்த்தி, நாயின் அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்ய வேண்டும். அமர்ந்திருக்கும்போது ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்கும், நடக்கும்போது 500-இல் ஒரு பங்கும் போதுமானவை. கைப்பேசியில் எடுப்பவர்கள் பின்னணியை மங்கலாக்கும் வசதியை நம்ப வேண்டாம். மீசை முடியையும் காதோர ரோமத்தையும் அது பல வேளைகளில் வெட்டிவிடுகிறது.

கேமரா நாயின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். முழங்காலிட்டோ, சிறிய நாயென்றால் மண்ணில் படுத்தோ எடுத்த படத்தில்தான் நாய் ஓர் ஆளாகத் தெரியும். துணி அழுக்காவதற்குத் தயங்குபவருக்கு இந்த வேலை ஒத்துவராது. வளர்ப்பவரும் கீழே அமர்ந்துவிட்டால் இரண்டு தலைகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் சுருங்கி, படம் இறுகும். வேலிக்கம்பமோ மின்கம்பமோ யார் தலையிலிருந்தும் முளைத்ததுபோல் நிற்காதபடி ஓரடி நகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உடையைப் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லிவைக்கலாம்: நாயின் நிறத்திலேயே சட்டை அணிந்தால், அணைத்திருக்கும் படத்தில் எங்கே நாய் முடிகிறது என்று தெரியாது.

வந்தவுடன் கேமராவை எடுக்கக்கூடாது. முதல் 15 நிமிடம் நாய் மண்ணை மோந்து திரியட்டும். கேமராவையும் மோந்து பார்க்கட்டும். பெரிய லென்ஸின் வட்டத்தைத் தன்னை முறைக்கும் கண்ணாக எடுத்துக்கொண்டு ஒதுங்கும் நாய்களும் உண்டு. அந்த நேரத்தில் கண்பீளையைத் துடைத்து, ரோமத்தில் ஒட்டிய முள்விதைகளை எடுத்துவிடச் சொன்னால், வளர்ப்பவரின் கைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும். என் அனுபவத்தில், அப்படி முள் எடுத்துக்கொண்டிருக்கையில் தொலைவிலிருந்து எடுத்த படங்களே பிற்பாடு பலருக்குப் பிடித்துப்போயிருக்கின்றன.

வளர்ப்பவரிடம் “சிரியுங்கள்” என்று சொல்வதால் பயன் இல்லை. நாயிடம் தினமும் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள் என்று சொல்ல வேண்டும். எங்கே சொறிந்தால் அதற்குப் பிடிக்கும் என்று கேட்டால், காட்டுவதற்காகச் சொறியத் தொடங்கிவிடுவார், முகமும் தானாக இளகிவிடும். நாய் கேமராவைப் பார்க்கும் படம் ஒன்றிரண்டு இருந்தால் போதும். அதற்கு எழுப்பும் விநோத ஒலி முதல் இரண்டு மூன்று முறைதான் பலிக்கும் என்பதால், விரலை ஷட்டரில் வைத்து எல்லாவற்றையும் தயார்செய்த பிறகே ஒலியெழுப்ப வேண்டும். கூட வந்த உறவினர்கள் நான்கு திசையிலிருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும். அழைப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். தின்பண்டத்தைச் சிறுசிறு துண்டுகளாகக் கொடுத்து, விழுங்கி நாக்கால் நக்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பந்து எறிவதாக இருந்தால் நீலப் பந்து நல்லது: நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்கு பிரித்தறியும், சிவப்பையும் பச்சையையும் அவ்வாறு பிரித்தறியாது. ஆகவே புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அதற்குத் தெரிவது கடினம்.

ஓடிவரும் படத்துக்கு ஷட்டர் வேகம் 1600-இல் ஒரு பங்காவது வேண்டும். ஃபோகஸ், நகரும் நாயை விடாமல் பின்பற்றும் தொடர்முறையில் இருக்க வேண்டும். நாய் நேராகக் கேமராவை நோக்கி வந்தால் ஃபோகஸ் தடுமாறும். எனவே வளர்ப்பவரை ஓரத்தில் குந்தவைத்து, நாய் அவரை நோக்கி ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்து எடுப்பது எளிது, இருவரும் ஒரே படத்தில் வந்தும்விடுவார்கள். அழைத்தவுடன் வந்துசேராத நாயின் கயிற்றை வேலியில்லாத வெளியில் ஒருபோதும் அவிழ்க்கக்கூடாது. மெல்லிய கயிற்றைக் கட்டி, கேமராவுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிப் பிடித்து எடுத்துவிட்டு, நாயை விலக்கியபின் அதே இடத்திலிருந்து வெற்றுப் பின்னணியையும் ஒருமுறை எடுத்துக்கொண்டால், கயிற்றைப் பின்னர் அழித்துவிடலாம்.

களைப்பில்லாமலே கொட்டாவி விடுவதும், உதட்டை அடிக்கடி நக்குவதும், கண்ணின் வெண்பகுதி தெரியத் தலையைத் திருப்பிக்கொள்வதும், வாலை ஒடுக்குவதும் நாய்க்குப் போதும் என்பதற்கான அடையாளங்கள். உடல் வெப்பத்தை நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணிக்கிறது; பக், புல்டாக் போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் எளிதல்ல. எனவே அவற்றை வெயிலில் ஓடவைக்கவே கூடாது. சில நிமிடம் எடுத்து, நிழலில் நீர் கொடுத்து ஓய்வளித்து, மீண்டும் எடுப்பதே சரியான முறை.

வேலை முடிந்தது என்று சொன்ன பிறகும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடக்கூடாது. படமெடுப்பு முடிந்துவிட்டது என்று நம்பி இருவரும் வரப்பில் திரும்பி நடக்கும்போது தோள்கள் தளர்ந்துவிடும், நாய் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்க்கும். அதற்குள் வெளிச்சம் குறைந்திருக்கும் என்பதால், எஃப் 2.8-க்கும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600-க்கும் மாற்றி வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் ஓசையின்றி நடந்து வர வேண்டும்.