720720: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம் வாங்க

ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. 1 முதல் 16 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது. அப்படி வகுபடும் எண்களில் இதுதான் மிகச் சிறியது. எனக்கு ரொம்பப் பிடித்த எண். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

படி 1: பகாக் காரணிகள்

எண்ணை உற்றுப் பாருங்கள். 720, பக்கத்திலேயே இன்னொரு 720. அதாவது 720000 + 720. அப்படியானால் இது 720 × 1001. இனி சுலபம்: 720 = 16 × 9 × 5, 1001 = 7 × 11 × 13.

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

16 வரை ஏன் வகுபடுகிறது என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். 12 வேண்டுமா? இரண்டு 2, ஒரு 3 எடுங்கள். 14க்கு ஒரு 2, ஒரு 7. 17க்கு வழியில்லை, அது பகா எண், இந்த வரியில் இல்லை.

படி 2: மொத்தம் எத்தனை காரணிகள்?

கையில் நான்கு 2 இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று அல்லது நான்கையும் எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். ஆக 5 வழிகள். எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதை மறந்துவிட்டால் விடை தப்பாகிவிடும், கவனம். இதேபோல 3க்கு 3 வழிகள், மற்ற நான்குக்கும் தலா 2.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

எதையுமே எடுக்காவிட்டால் கிடைக்கும் காரணி 1. எல்லாவற்றையும் எடுத்தால் 720720.

படி 3: எந்த வகை?

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை உயர் பகு எண் என்பார்கள். இவற்றைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். நம் எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள்: 4, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. எந்த உயர் பகு எண்ணிலும் ஏறாது. ஏறினால் அந்த இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றிவிடலாம். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். இவ்வளவு எளிய காரணம் இவ்வளவு தூரம் கொண்டுபோகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம், இது மிகை எண்ணும்கூட, அதாவது தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் எண்ணைவிட அதிகமாக வரும். (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 32,49,792. இது எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை. எண்ணையே கழித்தால் 25,29,072, அதாவது எண்ணைப் போல மூன்றரை மடங்கு. இலக்கங்களைக் கூட்டினால் 18. அதாலும் வகுபடுகிறது, ஈவு 40040. இப்படிப்பட்டவற்றுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தவர் இந்தியக் கணிதவியலாளர் கப்ரேகர்.

சரி, இப்போது நீங்கள். அடுத்த உயர் பகு எண் 10,81,080. அது 1080 × 1001. இதில் 2இன் அடுக்கு ஒன்று குறைந்து, 3இன் அடுக்கு ஒன்று கூடியிருக்கும். காரணிகளை எண்ணுங்கள், 256 வர வேண்டும்.