பழைய ஆகர் வாங்கும் முன்: என் அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் தென்னங்குழி எடுக்க ஸ்கிட் ஸ்டியருக்கு (முன்னாடி கருவி மாட்டி ஓட்டுற சின்ன லோடர் வண்டி) பழைய ஆகர் (குழி தோண்டுற திருகுக் கருவி) தேடுறவங்க, மண்ணைத் துளைக்கிற பிட்டோட பல்லை மட்டும் பார்த்துட்டு விலை பேசுறாங்க. பல் மாத்திக்கலாம். பார்க்க வேண்டியது பிட்டைச் சுத்த வைக்கிற ஹைட்ராலிக் மோட்டார், அதாவது ஆயில் பிரஷர்ல ஓடுற மோட்டார்.

நான் வாங்கினதுல மோட்டாரோட ஷாஃப்ட் சீல் (சுழல் தண்டைச் சுத்தி ஆயிலைத் தடுக்கிற வளையம்) ஒழுகிச்சு. புது சீல் போட்டும் நிக்கல. கேஸ் டிரெயின் போர்ட்டுல (மோட்டார் உறையில இருக்கிற வடிகால் துளை) பிளக் போட்டு அடைச்சிருந்தாங்க. உள்ளே கசியுற ஆயில் வெளியேற வழியில்லாம பிரஷர் ஏறி சீலைப் பிதுக்கித் தள்ளுது. பிளக்கைக் கழற்றி, தனி ஹோஸை நேரா டேங்குக்குக் கொடுத்ததும் நின்னுது. ரிட்டர்ன் லைன்ல (மோட்டாரை ஓட்டின ஆயில் திரும்பிப் போற குழாய்) சேர்க்காதீங்க, அங்கேயும் பிரஷர் இருக்கும்.

அடுத்து ஃப்ளோ, அதாவது வண்டி மோட்டாருக்குத் தர்ற ஆயில் அளவு. சாதாரண வண்டி பெரும்பாலும் நிமிஷத்துக்கு 60-80 லிட்டர் தரும். ஹை ஃப்ளோ அட்டாச்மென்ட் 110க்கு மேல கேட்டா, நம்ம சரளை மண்ணுல திணறி நின்னுடும். ஆகரோட பிளேட்ல இருக்கிற லிட்டர், பார் (பிரஷர் அளவு) ரெண்டையும் வண்டி மேனுவலோட ஒத்துப் பாருங்க.

ஆகரை வண்டியில மாட்டித் தூக்கி முன்னும் பின்னும் சாய்ச்சா, கீழே அதை வண்டியோட பூட்டுற லாக் பின் துளையில ஆட்டம் தெரிஞ்சிடும்.

கிராப்பிள் (கட்டை மாதிரி பொருளைக் கவ்வித் தூக்குற கருவி) வாங்குறதா இருந்து, அது குளச்சல் கடலோரத்துல நின்னதுன்னா, சிலிண்டர் ராடுல நகத்தை ஓட்டுங்க. துருக்குழி தட்டுப்பட்டா சீல் கிட் போட்டும் நிக்காது, ராடையே மாத்தணும்.