சோனாமார்க் பனியில் குதிரைச் சவாரி: கண்ணுக்கும் தோலுக்கும் முன்னேற்பாடு

காஷ்மீர் டூர் கிளம்பும் நம்மவர்கள் தெர்மல், ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாவற்றையும் மறக்காமல் பெட்டியில் வைப்பார்கள். சன்ஸ்கிரீன் வைப்பவர்கள் குறைவு. பனியில் ஏது வெயில் என்ற நினைப்பு. ஆனால் சோனாமார்க் கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குல்மார்க் 2,650. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். அதோடு, புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை மேலே திருப்பி விடும். புல்தரை திருப்புவது 10 சதவீதத்துக்கும் குறைவு. தலையில் தொப்பி இருந்தாலும் வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் பனிச்சரிவுக்குப் பயந்து சோனாமார்க் சாலையை மூடிவிடுவார்கள். 2025 ஜனவரியில் சுரங்கப்பாதை திறந்த பிறகு, கடும் பனிக்காலத்திலும் போக முடிகிறது. எனவே முதல் தடவை குதிரை ஏறுபவர்கள் நிஜமான குளிரிலேயே ஏறுகிறார்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்குத்தான்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். குதிரை மேல் உட்கார்ந்த பிறகு உங்கள் இரண்டு கைகளும் உங்களுடையவை அல்ல, சேணத்தையோ கடிவாள வாரையோ பிடித்திருக்கும். பூசுவது, மாட்டுவது, இறுக்குவது எல்லாம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. ஊரிலேயே வாங்க வேண்டியது: கூலிங் கிளாஸ்

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பனி இடங்களில் வண்டியை விட்டு இறங்கியதுமே கறுப்புக் கண்ணாடி விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கறுப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும். அந்த லென்ஸ் புற ஊதாவைத் தடுக்காவிட்டால், விரிந்த கண்மணி வழியே கூடுதலாகத்தான் உள்ளே போகும். 'யுவி400' (புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கான குறி) என்று இருப்பதை வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் கண்ணாடிக் கடைகள் பலவற்றில் அதைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கும், கேட்டுப் பாருங்கள். லென்ஸின் கறுப்பை 0 முதல் 4 வரை வகைப்படுத்துவார்கள், 3-ஆம் வகையாக இருந்தால் போதும். 4-ஆம் வகை பனிக்கு இன்னும் நல்லது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

வடிவமும் முக்கியம். பக்கவாட்டை மூடி, முகத்தோடு ஒட்டி வளைந்தது வேண்டும். காற்று ஓரமாக நுழைந்தால் கண்ணீர் கொட்டும். முன்னால் பாதை தெரியாது. உலோக பிரேம் வேண்டாம், மூக்கிலும் காதோரத்திலும் சில்லிட்டுக் கடிக்கும். பின்னந்தலையைச் சுற்றி ஒரு கயிறு கட்டாயம். மலைப்பாதையில் கண்ணாடி விழுந்தால் குதிரை அதை மிதித்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேலேயே மாட்டும் பெரிய ஸ்நோ காகிள்ஸ் வாங்கலாம். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் குளிரில் நன்றாகவே கறுக்கும், ஆனால் நிழலுக்கு வந்த பிறகு வெளுக்க நேரம் பிடிக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடலாம், அது கண்ணில் உறைந்துவிடும் என்பது வெறும் பயம். காய்ந்து உறுத்தும் என்பதுதான் உண்மையான தொல்லை. கண்ணீர்ச் சொட்டு மருந்தை உள் பையில் வையுங்கள். வெளிப் பையில் வைத்தால் அதுவும் சில்லிட்டுப் போகும்.

2. காலையில் அறையிலேயே பூச வேண்டியது

தேங்காய் எண்ணெயை எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிவிடும். அதைவிட முக்கியம், எந்த எண்ணெயும் வாசலினும் தோல் உறைவதைத் தடுக்காது. தோல் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. வழவழப்பாக இருக்கிறது என்ற தைரியத்தில் முகத்தைத் திறந்து வைத்தால் வம்பு.

முதலில் மாய்ஸ்சரைசர். ஐந்து நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்னாடியாவது பூசிவிடுங்கள். எல்லோரும் விடும் இடங்கள்: தாடைக்கு அடியில், மூக்குத் துளைகளின் கீழ் விளிம்பு, காது மடலின் பின்புறம். பனியிலிருந்து திரும்பும் வெயில் முதலில் பிடிப்பது இவற்றைத்தான். உதட்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம். உதட்டை நக்காதீர்கள், ஈரம் காயும்போது இன்னும் வெடிக்கும்.

3. ஏறுவதற்கு முன்: துணி

நீளமான மஃப்ளரும் துப்பட்டாவும் வேண்டாம். படபடக்கும் துணி குதிரையை மிரட்டும். அதற்கு ஏறத்தாழ சுற்றிலும் கண் தெரியும், பின்னால் ஆடுவதும் தெரியும். எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தையும் இறுக்கும். பைக் ஓட்டுபவர்கள் தலை வழியாக மாட்டும் குழாய்த் துணியே நல்லது.

ஆனால் அதை மூக்கு வரை ஏற்றியதும் கண்ணாடியில் மூடுபனி படிந்துவிடும். மூச்சு மேல்வழியே போவதுதான் காரணம். துணியின் மேல் விளிம்பு கண்ணாடிக்குக் கீழே, மூக்குத் தண்டோடு அழுந்தியிருக்கட்டும். உள்ளே மூக்குக் கம்பி வைத்த சர்ஜிகல் மாஸ்க் ஒன்றைப் போட்டால் இன்னும் உத்தமம். மூச்சு பட்டுத் துணி நனைந்தால் மாற்றுங்கள். ஈரத் துணி கன்னத்தில் ஒட்டியிருப்பது திறந்த கன்னத்தைவிட மோசம்.

ஹெல்மெட் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே மெல்லிய குல்லா மட்டும். ஜீன்ஸ் வேண்டாம்: பனியில் நனையும், காயாது, தொடையின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கும். வாடகை கம்பூட் காலுக்குப் பெரிதாக இருந்தால் அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) சிக்குமா என்று குதிரைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு சாக்ஸ் இறுக்கிப் போடுவதால் சூடு வராது, ரத்த ஓட்டம்தான் குறையும்.

4. சவாரியில்

குதிரை நடந்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் போல. துள்ளு நடை போட்டால் 13 வரை போகும். காற்றே இல்லாத நாளிலும் உங்கள் முகத்துக்குக் காற்று உண்டு. மைனஸ் 5 டிகிரியில் 15 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், தோலுக்கு அது மைனஸ் 11. கயிற்றைப் பிடித்து நடப்பவருக்கு வியர்க்கும், மேலே அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு விறைக்கும். ஆகவே குதிரைக்காரர் "சர்தி நஹி ஹை" (குளிரே இல்லை) என்று சொல்வதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரல்களையும் கால்விரல்களையும் அடிக்கடி மடக்கி நீட்டுங்கள்.

கண்ணாடியைச் சரி செய்ய வேண்டுமா? "பாய், ஜரா ருக்கோ" (அண்ணா, கொஞ்சம் நில்லுங்கள்) என்று சொல்லிக் குதிரை நின்ற பிறகு செய்யுங்கள். குதிரையின் கழுத்தைத் தடவிய கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள், முடியும் தூசியும் உறுத்தும்.

எரிச்சல் இருக்கும் வரை பயமில்லை. மூக்கு நுனியோ காதோ உணர்ச்சியற்றுப் போனால்தான் கவனிக்க வேண்டும். நம் மாநிறத் தோலில் வெளுப்பது சட்டென்று தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு மாதிரி தெரியும். குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் அவ்வப்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

5. இறங்கிய பிறகு

மரத்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பனியை வைத்து நிச்சயம் தேய்க்காதீர்கள். உள்ளங்கையை வைத்து மூடுங்கள். விரல்களை அக்குளில் வையுங்கள். வெந்நீர் என்றால் 37 முதல் 39 டிகிரி, முழங்கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற தணல் சட்டியை அன்போடு நீட்டுவார்கள். உணர்ச்சி திரும்பும் வரை அதில் கை வைக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் சுட்டுவிடும். கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பாவிட்டாலோ டாக்டர்தான்.

சவாரி நீண்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சன்ஸ்கிரீனை மறுபடி பூசுங்கள்.

6. அன்றிரவு கண் எரிந்தால்

கண்ணாடி போடாமல் பனியைப் பார்த்தவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, ஹோட்டல் அறையில் படுத்த பிறகு ஆரம்பிக்கும்: மணல் விழுந்த உறுத்தல், கண்ணீர், விளக்கைப் பார்க்க முடியாத கூச்சம். கருவிழியின் மேற்பரப்பு வெயிலில் வெந்திருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். தேய்க்காதீர்கள், அறையை இருட்டாக்கி மூடிய இமை மேல் குளிர்ந்த ஈரத் துணி வையுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தாலும் நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள், புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும். பெரும்பாலும் ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் சரியாகிவிடும். வலி குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ ஸ்ரீநகருக்குத் திரும்பியதும் கண் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை மறுநாள் சவாரியை ரத்து செய்துவிடுங்கள்.