பெரிய பாக்கெட் எப்போதும் மலிவல்ல

பாக்கெட் பெரிதாக இருந்தால் லாபம் என்று நினைத்துத்தான் பலரும் எடுத்துக் கூடையில் போடுகிறோம். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து, விலையைக் கிராம் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 100 கிராமின் விலை வந்துவிடும். எந்த இரண்டு பிராண்டையும் இந்த எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். சின்ன எழுத்தில் இருக்கும் 'நிகர எடை'யையும் படியுங்கள். 1 கிலோவாக இருந்தது அதே விலையில் 900 கிராம் ஆகியிருந்தால், விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பாக்கெட் என்னவோ பழையபடி உப்பலாகத்தான் இருக்கும்!

மலிவாக வாங்கியது குப்பைக்குப் போனால் கணக்கு தலைகீழ். ஒரு கிலோவில் கால் கிலோ அழுகினால், மிச்சத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்ததாக ஆகிறது. இதில் முதலில் கெடுவது கீரைதான். கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றிவிட வேண்டும். இலையில் தங்கும் ஈரம்தான் அழுகலுக்குக் காரணம். பழுத்த ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரமே மஞ்சளாக்கிவிடும்.