டிஸ்ப்ளே ஒரு நொடி போய் வந்தால் செய்யக்கூடாத வேலைகள்

"ஆன் பண்ணும்போது டிஸ்ப்ளே ஒரு தடவை போயிட்டு வருதுங்க" என்று வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள், சர்வீஸுக்குப் புதிதாக வந்த பையன்கள் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ரேமை உருவி ரப்பரால் தேய்ப்பது அடுத்த வேலை. எங்கள் தலைமுறையும் இப்படித்தான் தொழில் பழகியது. ஆனால் அன்றைக்கு அதனால் பெரிய நஷ்டம் வந்ததில்லை. இன்றைக்கு வருகிறது.

கேபிள் கழன்றிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது ஹெச்டிஎம்ஐயை மதர்போர்டில் சொருகியிருக்கிறார்களா என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த இடத்தில் போகிறது என்று பார்க்காமல் கை வைப்பது

செல்போனைச் சாய்த்து வைத்து, பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை வீடியோ எடுங்கள். திரையோடு சேர்த்து மானிட்டரின் பவர் லைட்டும் கீபோர்டின் நம்லாக் லைட்டும் படத்தில் விழ வேண்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் லோகோவைக் காட்டுவது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள். விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் பயாஸ் அமைத்துக் கொடுத்த அதே திரையின் மேல்தான் ஓடுகின்றன. பிறகு என்விடியாவோ ஏஎம்டியோ இன்டெலோ, கிராபிக்ஸ் டிரைவர் எழுந்து வந்து, தனக்குச் சொல்லப்பட்ட ரெசல்யூஷனையும் ரிஃப்ரெஷ் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) போடுகிறது. அப்போது பழைய சிக்னல் நின்று புதியது தொடங்கும். மானிட்டர் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றிலிருந்து மூன்று நொடி ஆகலாம். டிஸ்ப்ளேபோர்ட்டாக இருந்தால் கார்டும் மானிட்டரும் வேகத்தை மறுபடி பேசி முடிவு செய்யும். பயாஸ் 60 ஹெர்ட்ஸில் காட்டி, விண்டோஸ் 144 ஹெர்ட்ஸுக்கு மாறினால் இடைவெளி நன்றாகவே தெரியும். ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் வசதி) போட்டிருந்தால் லாகின் ஆனபிறகு இன்னொரு முறையும் கறுக்கும்.

லோகோவுக்கும் லாகின் திரைக்கும் நடுவில் ஒரே முறை போகிறது, நம்லாக் லைட் அசையவில்லை, ஃபேன் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிஸ்டத்துக்கு ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். அங்கே கம்பெனி டிரைவர் எழாது. பெரும்பாலும் சிமிட்டலும் இருக்காது.

நம்லாக்கும் அணைந்து, ஃபேனும் நின்று மறுபடி சுற்றினால் அது வேறு. டிஸ்ப்ளே போகவில்லை, சிஸ்டமே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ரேம், போர்டு என்று தேட வேண்டும். விண்டோஸ் ஏறத் தொடங்கிய பிறகு அப்படி விழுந்திருந்தால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். 4101 இருந்தால் டிரைவர் உறைந்து, விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது.

இரண்டு நொடிக் கறுப்புக்காக பயாஸ் அப்டேட் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு ஆடிட்டர் அலுவலகம். புது அசெம்பிள் சிஸ்டம், ஏஎம்டி பிராசஸர், விண்டோஸ் 11. நான் மேலே சொன்ன அதே சாதாரண சிமிட்டல்தான் புகார். பார்க்கப் போன பையன் எங்கோ படித்துவிட்டு பயாஸை அப்டேட் செய்திருக்கிறான். அப்டேட் பழுதில்லாமல் முடிந்தது. கரண்ட் போகவில்லை, போர்டும் சாகவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி: எஃப்டிபிஎம் (பிராசஸருக்குள் சாவிகளைக் காக்கும் டிபிஎம் பெட்டகம்) பதிவு மாறியிருக்கிறது, அழித்துப் புதிதாகத் தொடங்க ஒய், பழையதையே வைத்துக்கொள்ள என். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெகவரி கீ இல்லாமல் சிஸ்டம் ஏறாது என்றும் அதே திரையில் எழுதியிருக்கும். தம்பி ஒய் அழுத்திவிட்டான்.

என்னைக் கூப்பிட்டபோது நீலத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது. ஆடிட்டர், "நான் எந்த லாக்கும் போடலையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போனால், தகுதியுள்ள சிஸ்டங்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். ஹோம் எடிஷனுக்கும் விலக்கில்லை. சாவியின் ஒரு பிரதி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

எந்தக் கணக்கு? சிஸ்டம் போட்டுக் கொடுத்த கடையில், செட்டப் திரையைத் தாண்டினால் போதுமென்று ஏதோ ஒரு மெயிலை அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. ஓடிபி போகும் நம்பர் வேலையை விட்டுப் போன ஒருவருடையது. அவரையும் தேடிப் பிடித்தோம், சிம்மை மாற்றிவிட்டாராம். அலுவலகத்தில் கடைசி பேக்கப் எப்போது எடுத்தது என்ற கேள்விக்கு இருவர் இரண்டு பதில் சொன்னார்கள்.

டிபிஎம்மில் இருந்த சாவியும் போய், ரெகவரி கீயும் இல்லாவிட்டால் அந்தப் பூட்டைத் திறக்க வழி கிடையாது. "டேட்டா ரெகவரி" போர்டு மாட்டியவர் பணம் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைத் திருப்பித் தருவார், அவ்வளவுதான். ஃபார்மட் அடித்தோம். ஜிஎஸ்டி வேலைகள் பாதியில் கிடந்த கோப்புகள் எல்லாம் போயின. புது விண்டோஸ், புது டிரைவர், சிஸ்டத்தை ஆன் செய்தேன். லோகோ வந்தது, இரண்டு நொடி கறுத்தது, லாகின் திரை வந்தது.

பயாஸைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. புது பிராசஸர் போடும்போது தொட்டே ஆக வேண்டும். டிஸ்ப்ளேவுக்காக ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் வரிசைக் கார்டுகள் சில, டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டர்களில் விண்டோஸ் ஏறும்வரை படமே காட்டாமல் இருந்ததால், 2018இல் என்விடியாவே கார்டுக்கு ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது. அங்கே அறிகுறி வேறு. லோகோ வராது, பயாஸ் மெனு தெரியாது. ஒரு முறை சிமிட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தொடத்தான் வேண்டும் என்றால், முதலில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், வாடிக்கையாளரையே உட்கார வைத்து அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ரெகவரி கீயை எடுத்து, பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். கணக்கு அவருடையது இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கு டேட்டாவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுப்பது மட்டும்தான் வேலை. பிறகு பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு அப்டேட் போடலாம். பயாஸுக்குள் செக்யூர் பூட், டிபிஎம், சிஎஸ்எம் ஆகிய பாதுகாப்பு, பூட் செட்டிங்குகளை "மாற்றித்தான் பார்ப்போமே" என்று தட்டுவதற்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். அதிலும் சாவி கேட்கும்.

டிரைவரை வேரோடு பிடுங்குவது

பிடுங்கினால் சிமிட்டல் நிற்கும். 144 ஹெர்ட்ஸும் சேர்ந்து போகும்.

ஷட்டவுன் போட்டு சோதிப்பது

விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் போட்டாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்க்கில் உறங்கப் போகிறதே தவிர முழுதாக இறங்குவதில்லை. சோதனைக்கு ரீஸ்டார்ட் போடுங்கள்.

மானிட்டர் மெனுவைத் திறக்காமல் விடுவது

கறுப்பு இரண்டு நொடியில் முடியாமல் ஐந்தாறு நொடி நீள்கிறதென்றால் இன்புட் ஆட்டோவில் கிடக்கும். சிக்னல் ஒரு கணம் நின்றதும் மானிட்டர் ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், விஜிஏ என்று ஒவ்வொரு வாசலாகத் தேடிவிட்டுத் திரும்பி வரும். சொருகியிருக்கும் இன்புட்டையே நிலையாக வையுங்கள். கடையில் நான் இலவசமாகச் செய்து கொடுக்கும் ரிப்பேர் இதுதான்.

டிடிஆர்5 போர்டில் அவசரப்படுவது

புது ரேம் போட்ட பிறகோ சிஎம்ஓஎஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்குகளை அழிப்பது) செய்த பிறகோ, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் முதல் முறை ஏறும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம்கூட எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் லைட் எரியும். பொறுக்காமல் ரீசெட் அடித்தால் முதலிலிருந்து தொடங்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மலிவு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்

தரத்தின்படி, இந்தக் கேபிளில் 20ஆம் பின்னை இரண்டு முனைக்கும் இணைக்கக் கூடாது. அதில் 3.3 வோல்ட் இருக்கிறது. இணைத்துச் செய்த கேபிள்களில் மானிட்டரிலிருந்து கரண்ட் கம்ப்யூட்டருக்குள் போகும். சிஸ்டம் ஆன் ஆக மறுக்கிறது, கேபிளை உருவினால் உடனே ஆகிறது என்றால் அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள்.

டார்ச் அடிக்காமல் சிஸ்டத்தைக் கழற்றுவது

மானிட்டரை ஆன் செய்ததும் படம் ஓரிரு நொடி வந்து கறுத்து, அதன்பின் வரவே இல்லை, பவர் லைட் மட்டும் வழக்கம்போல் எரிகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்கள். ஐகான்கள் நிழலாகத் தெரிந்தால் பேக்லைட்டோ அதை ஓட்டும் சர்க்யூட்டோ போய்விட்டது. வேறொரு லேப்டாப்பைச் சொருகினாலும் அதே கறுப்புதான் வரும். கேபினட்டைத் திறக்க வேண்டியதில்லை, மானிட்டரைக் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.