16 பைட், இரண்டு அர்த்தம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலைக்காக, தோலின் சதுர அடியைக் கணக்கு வைக்கும் நிரலைச் சி மொழியில் எழுதியிருந்தேன். பழைய இன்டெல் கணினியை எடுத்துவிட்டு, ஆர்ம் செயலி பொருத்திய 64 பிட் சிறு கணினியை வைத்தோம். இரண்டிலும் லினக்ஸ்தான். பழைய கணினி பைட்டுகளாக அப்படியே எழுதிவைத்த கோப்பைப் புதியதில் திறந்தால் எல்லா அளவும் 0.00! நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரில்தான் பிழை என்று இரண்டு இரவுகளை வீணாக்கினேன்.

காட்பாடி வீட்டில் உட்கார்ந்து பைட் பைட்டாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. அளவுகளை வைக்க நான் பயன்படுத்திய ‘லாங் டபுள்’ என்ற தசம எண் வகை இரண்டு கணினியிலும் 16 பைட் இடம் பிடிக்கிறது. அதனால்தான் எண்ணுக்கு எத்தனை பைட் என்று பார்க்கும் என் சோதனையில் எதுவும் சிக்கவில்லை. ஆனால் இன்டெல்லில் எண் முதல் 10 பைட்டிலேயே முடிந்துவிடுகிறது. மீதி 6 வெறும் நிரப்பு. ஆர்மில் 16 பைட்டும், அதாவது 128 பிட்டும், எண்தான். எண் எவ்வளவு பெரியது என்று சொல்லும் அடுக்கு (2-இன் எத்தனையாவது அடுக்கு என்பது) கடைசி 2 பைட்டில் இருக்கிறது. என் கோப்பில் அந்த இடத்தில் பூஜ்ஜியம். பிறகு என்ன, பூஜ்ஜியத்தை ஒட்டிய எண்தானே வரும்?

பழைய கணினியிலேயே எல்லாவற்றையும் 8 பைட் ‘டபுள்’ ஆக மாற்றி எழுதினேன். 15 இலக்கத் துல்லியம் தோலுக்குத் தாராளம். திரையில் 5.25 என்று வந்ததும் மேஸ்திரி கையிலிருந்த ஆட்டுத்தோலைத் திருப்பி, பின்புறம் எழுதியிருந்த அளவைப் பார்த்தார். “சரிதான் தம்பி” என்றார்.