உம்பர்: மேலே இருப்பதெல்லாம் தேவலோகம் அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து நினைவஞ்சலி அட்டைக்கு வாசகம் எழுதிக்கொண்டு யாராவது என்னிடம் காட்ட வருவார்கள். போன மாதம் ஒரு தம்பி நீட்டிய தாளில் "உம்பரான எங்கள் பாட்டி" என்று இருந்தது. பால்மரம் வெட்டியே (ரப்பர் பால் எடுத்தே) குடும்பத்தைக் கரையேற்றிய பாட்டி.

"என்ன தம்பி இது?"

"தெய்வீகமானன்னு அர்த்தம்ணே. அகராதியில பார்த்துதான் போட்டேன்."

அகராதியைக் குறை சொல்ல முடியாது. உம்பர் என்றால் மேலிடம், வானுலகம், அங்கே வாழும் தேவர்கள். ஆனால் அது பெயர்ச்சொல். இன்னொரு பெயருக்கு முன்னால் அப்படியே நின்று அடைமொழி வேலையைப் பார்க்கும்: உம்பர் உலகு, உம்பர் கோன் (இந்திரன்). "ஆன" ஒட்டினால் "மாடியான பாட்டி" என்பதுபோல ஆகிவிடும். வேண்டுமென்றால் "உம்பர் உலகு எய்திய" என்று எழுதலாம். தம்பி யோசித்துவிட்டு "வானுலகு எய்திய" என்றே போட்டுக்கொண்டார். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எல்லாருக்கும் புரிய வேண்டுமே!

இந்தச் சொல்லுக்கு ஒரு ஜோடியும் உண்டு. இம்பர் என்றால் இவ்விடம், இவ்வுலகம். இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்தால் குழப்பம் குறையும். உம்பரில் இருப்பது உகரச் சுட்டு, அதாவது அ, இ போலச் சுட்டிக் காட்டும் உ. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் உது, உவன் என்று கேட்கலாம்.

அடுத்த தவறு கோயிலில் நடப்பது. "உம்பர்தருத் தேனுமணிக் கசிவாகி" என்ற திருப்புகழைப் பாடாத பிள்ளையார் கோயில் இங்கே குறைவு. பாடுகிறவர்களிடம் பொருள் கேட்டால் பாதிப் பேர் "தேவர்கள் தருகிற தேன்" என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே தரு என்பது வினை அல்ல, மரம். உம்பர்தரு என்றால் தேவலோக மரம், அதாவது கற்பகம். தேனு என்பது காமதேனு; மணி என்பது சிந்தாமணி. கேட்டதைக் கொடுக்கும் மரம், பசு, மணி மூன்றையும் அருணகிரிநாதர் ஒரே மூச்சில் அடுக்குகிறார். உண்மையான தேன் அடுத்த அடியில்தான் வருகிறது: "ஒண்கடலிற் றேனமுதத் துணர்வூறி". அதைச் சந்தி பிரித்தால் கடலில் தேனமுதம். முதலடியில் பசுவைத் தேனாக்கிவிட்டால், இரண்டாவதில் தேன் ஏன் மறுபடி வருகிறது என்று முழிக்க வேண்டியதுதான்.

சங்கப் பாட்டுக்குப் போனால் இன்னொரு வழுக்கல். அகநானூற்றில் "வேங்கடத்து உம்பர்" என்று வரும். திருப்பதி மலைமேல் தேவர்கள் என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே பொருள் வேங்கடத்துக்கு அப்பால் என்பதுதான். தொடர்ந்து வருவது வேறு மொழி பேசும் நாட்டைப் பற்றிய பேச்சு. தலைவன் பொருள் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கிறான், அவ்வளவே. ஆகவே உம்பரைக் கண்டதும் கைகூப்பாமல், முன்னால் இடப்பெயர் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், தம்பி சொன்ன "தெய்வீகம்". வடமொழியின் தைவிக என்பதிலிருந்து வந்ததால் தெய்விகம் என்று குறிலாக எழுதுவதே சரி, ஆன்மிகமும் அப்படியே. ஆனால் ஊரே நெடிலுக்குப் பழகிவிட்டது. திருவிழா பேனரில் அப்படி வந்தால் நான் கை வைப்பதில்லை. "உம்பரான" வந்தால் மட்டும் அச்சுக்குப் போக விடமாட்டேன்.